எண்ணூறு லிட்டர்

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டை எழுதச் சொன்னது நிலோபர் மேடம். டிப்போவுக்குப் புதிதாக வந்திருக்கும் இன்ஜினியர். வயது முப்பது இருந்தால் அதிகம். "எங்க பிரேக் போட்டீங்க, எங்க நிறுத்துனீங்க, எதுக்கு நிறுத்துனீங்கன்னு தெனமும் எழுதுங்கண்ணே. சனிக்கிழமை வாங்கிப் பாப்பேன்" என்றார். இருபத்தாறு வருடம் ஸ்டியரிங் பிடித்த கையில் பேனாவைத் திணித்திருக்கிறார்கள்.

போன வாரம் போர்டில் மைலேஜ் பட்டியல் ஒட்டினார்கள். மொத்தம் எண்பத்தாறு டிரைவர்கள். எண்பத்தாறாவது பெயர் தங்கமாயன். அதாவது நான். லிட்டருக்கு 4.11 கிலோமீட்டர். என் கண்டக்டர் லூர்து தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மாயண்ணே, கீழ இருந்து படிச்சா நீங்கதான் பர்ஸ்ட்டு" என்றான். அவனோடு மதியம் வரை பேசவில்லை.

பட்டியல் போனால் போகிறது. பிரச்சினை அதுவல்ல. என் தடம் கொழிஞ்சிமலை. பதினான்கு வளைவு. காலை ஒரு நடை, மாலை ஒரு நடை, ஆக மொத்தம் நாளைக்கு 152 கிலோமீட்டர். மாலை நடையில் ஆள் குறைவு, டீசல் அதிகம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. மேனேஜர் கூப்பிட்டு, "இருபத்தஞ்சு டியூட்டி நாள் தர்றோம். 3,800 கிலோமீட்டர் வரும். எண்ணூறு லிட்டருக்குள்ள ஓட்டிக் காமிங்க. ஒரு லிட்டர் கூடுனாலும் மாலை நடை ரத்து" என்று சொல்லிவிட்டார்.

அந்த நடையில்தான் ஸ்பின்னிங் மில்லில் வேலை முடிந்து பதினேழு பெண்கள் மலைக்குத் திரும்புகிறார்கள். வேறு பஸ் கிடையாது. நடை நின்றால் அவர்கள் மில் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். பதினேழு பேருக்காகவும்தான் சொல்கிறேன். யாரோ ஒருத்திக்காக என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இன்று 37 லிட்டர். மில் ஸ்டாப்பில் 15 நிமிடம் நிறுத்தம். எஞ்சின் ஓட்டத்தில். காரணம்: பிரேக் டாங்கில் ஏர் ஏற்ற.

ஜூன் 4, செவ்வாய்

36 லிட்டர். மலை ஏற்றத்தில் ஒரு தக்காளி லாரியை முந்தினேன். வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மில் ஸ்டாப் 15 நிமிடம். காரணம்: மேற்படி.

ஜூன் 6, வியாழன்

35. எல்லாரும் மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்கிறார்கள். மெதுவாகப் போனால் யார் வேண்டுமானாலும் மைலேஜ் எடுப்பார்கள். டயத்துக்குப் போக வேண்டாமா? என் வண்டி மலை உச்சிக்கு ஒரு நாளும் லேட்டாகப் போனதில்லை. இதை அந்தப் பட்டியலில் ஏன் எழுதவில்லை?

ஜூன் 8, சனி

மேடம் நோட்டைப் படித்துவிட்டுச் சிவப்பு மையால் இரண்டு இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். தக்காளி லாரி பக்கத்தில்: "முந்தி எத்தனை நிமிடம் மிச்சம்?" மிச்சம் ஒன்றுமில்லை, அடுத்த ஸ்டாப்பில் ஆள் இறங்குவதற்குள் லாரி எங்களைத் தாண்டிப் போய்விட்டது. இதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. லூர்துவாகத்தான் இருக்கும்.

மில் ஸ்டாப் பக்கத்தில்: "ஓடி வந்த வண்டிக்கு ஏர் எப்படிக் குறையும்?"

ஆறு நாளில் 213 லிட்டர் ஆகிவிட்டது. கணக்குப்படி 192-க்குள் இருந்திருக்க வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

டியூட்டி இல்லை. இந்தப் பக்கம் மேடத்துக்கு இல்லை, கிழித்துவிடுவேன்.

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். பவுனு கறி எடுத்து வரச் சொன்னாள், எடுத்து வந்தேன். சாப்பிடும்போது, "ஏங்க, உங்க அக்காவுக்கு முட்டி வலி ரொம்ப ஆயிருச்சாம். மில்லுல நின்னுக்கிட்டே வேலை பாக்குறாகல்ல" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "பஸ் நின்னுட்டா அவுகளும்தான வேலையை விடணும்?" என்றாள். எனக்கு அக்கா என்று யாரும் கிடையாது என்று ஒன்பது வருடத்துக்கு முன்பே சொல்லியாகிவிட்டது என்றேன். பவுனு ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

அக்கா பெயர் அங்காயி. அவள் மகள் கல்யாணத்துக்கு நான் தாய்மாமன். முதல் மாலை என் கையால் விழ வேண்டும். காலை நடையை முடித்துவிட்டு ஓடினேன். வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டான். மண்டபத்துக்குள் நுழையும்போது பெரியப்பா மகன் மாலையைப் போட்டு முடித்திருந்தான். பெண்ணோடு நின்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம்! சொந்தத் தம்பிக்காகப் பத்து நிமிடம் பொறுக்க முடியாதா? வந்த காலோடு திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்குப் பிறகு நான் எதற்கும் லேட்டாகப் போனதும் இல்லை.

நான்கு வருடமாக அவள் என் பஸ்ஸில்தான் வருகிறாள். டிக்கெட் எடுக்கிறவர்களைக் கொண்டு போய் விடுவது என் வேலை. அவ்வளவுதான்.

ஜூன் 12, புதன்

எழுத நிறைய இருக்கிறது. எழுதத்தான் மனம் வரவில்லை.

மேடம் இன்று என் வண்டியில் வந்தார். எஞ்சின் பக்கத்தில் சின்னதாக ஒரு மீட்டரை மாட்டி, அதன் ஒயரை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார். டீசல் ஓடினால் எண் ஓடுமாம். சரி, வந்தவருக்கு நம் கைத்திறமையைக் காட்டுவோம் என்று, இறக்கத்தில் முதல் வளைவிலேயே கியரைத் தட்டி நியூட்ரலில் விட்டேன். வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இந்த டிப்போவில் பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை இது. டீசல் மிச்சம் பண்ண இதைவிட வழி கிடையாது என்றுதான் இருபத்தாறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேடம் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, கியர்ல போடுங்க. மொதல்ல கியர்ல போடுங்க!"

போட்டேன். வண்டி உறுமிக்கொண்டு தானாகவே வேகம் குறைந்தது. மேடத்துக்கு மூச்சு வந்தது. "இப்ப மீட்டரைப் பாருங்க. கால் ஆக்சிலேட்டர்ல இல்லை, கியர்ல இருக்கு. என்ன காட்டுது?"

பூஜ்யம். வண்டி ஓடுகிறது, மீட்டரில் பூஜ்யம்.

"கியர்ல இருந்தா சக்கரமே எஞ்சினைச் சுத்தும். பம்ப் டீசலை நிறுத்திரும். நியூட்ரல்ல விட்டா எஞ்சின் அணையாம இருக்கவே டீசல் குடிக்கணும். அதோட பிரேக்கும் சூடாகி என்னைக்காவது கைவிட்டுரும். நீங்க மிச்சம் பண்ணல அண்ணே. செலவும் பண்ணிருக்கீங்க, எல்லார் உயிரோடயும் விளையாடிருக்கீங்க."

நான் நம்பவில்லை. அடிவாரத்துக்கு முன்னால் கடைசி வளைவில், ஆள் இல்லாத நேரான இடத்தில், மெதுவாக ஒரு நொடி நியூட்ரலுக்குத் தட்டிப் பார்த்தேன். மீட்டர் ஓடியது. கியரில் போட்டேன். நின்றது. மேடம் என்னைத் திட்டினார். திட்டட்டும். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இருபத்தாறு வருடம், எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு இப்படி இறங்கியிருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மாலை நடையிலும் மேடம் கூட வந்தார். மில் ஸ்டாப்பில் ஐந்தரைக்கு நிறுத்தினேன். ஐந்து முப்பத்தைந்துக்குள் பதினாறு பேர் ஏறிவிட்டார்கள். வழக்கம்போல ஏர் ஏற்ற ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விட்டேன். மேடம் ஏர் மீட்டரைப் பார்த்தார். முள் நிறையக் காட்டியது. என் காலைப் பார்த்தார். ஐந்து நாற்பத்தைந்துக்குப் பதினேழாவது ஆள் பின் வாசலில் ஏறியது. அதையும் பார்த்தார். கிளம்பினேன்.

31 லிட்டர்.

ஜூன் 15, சனி

இந்த வாரம் நான் புது டிரைவர். எல் போர்டு ஒன்றுதான் மாட்டவில்லை.

இரண்டு வளைவு தள்ளி என்ன வருகிறது என்று பார்த்து முன்னாலேயே காலை எடுத்துவிட வேண்டும். இதுதான் பெரிய பாடம். "பிரேக் போட்டா, அதுக்கு முன்னாடி எரிச்ச டீசலை ரோட்டுல ஊத்துன மாதிரி" என்றார் மேடம். நான் ஒரு நடையில் எத்தனை பிரேக் போடுகிறேன் என்று எண்ணுவதற்கு லூர்து ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு பிரேக்குக்கு ஒரு புளியங்கொட்டை, இடது பையிலிருந்து வலது பைக்கு. முதல் நாள் பை கிழிந்துவிட்டது. இன்று ஒரு நடைக்கு நாற்பத்தொன்று.

டயர் காற்று காலையில் நானே பார்க்கிறேன். பின் டயர் இரண்டில் குறைவாக இருந்தது. மலை உச்சியில் டீ குடிக்கும்போது எஞ்சினை அணைக்கிறேன். முதல் நாள் அணைத்தபோது, வண்டி நின்றுபோச்சு என்று நினைத்து ஆட்கள் இறங்கித் தள்ள வந்துவிட்டார்கள்.

கியரைச் சீக்கிரம் மாற்றினால் எஞ்சின் அலறுவதில்லை. வண்டிக்குள் பேசுவது கேட்கிறது. கொழிஞ்சிமலைக்காரர்கள் இவ்வளவு பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 20, வியாழன்

பதினாறு நாள். 528 லிட்டர். 512 இருக்க வேண்டும். இருபத்தொரு லிட்டர் கடனில் இருந்தவன் பதினாறுக்கு வந்துவிட்டேன். பங்க்கில் டீசல் போடுகிறவர் எனக்கு வணக்கம் வைத்தார்.

ஜூன் 22, சனி

இந்த வாரம் மேடம் ஒரே ஒரு இடத்தில்தான் சிவப்பு மை வைத்திருக்கிறார். மில் ஸ்டாப், 15 நிமிடம், "காரணம்: ஏர் ஏற்ற" என்பதைச் சுற்றி ஒரு வட்டம். வேறு எழுத்து இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

இருபது நாள். 650. மிச்சம் ஐந்து நாள், 150 லிட்டர். நாளைக்கு முப்பது. நான் எடுப்பதோ முப்பதரை. என்ன புரட்டிப் பார்த்தாலும் முப்பதரைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. அரை லிட்டர். ஒரு தண்ணீர் பாட்டிலில் பாதி! அதற்காக நடை போய்விடும்.

மேடத்திடம் போய் நின்றேன். இன்ஜெக்டர் பார்த்தாகிவிட்டது, பில்டர் மாற்றியாகிவிட்டது, இன்னும் என்ன செய்ய என்று கேட்டேன். மேடம், "அந்த அரை லிட்டர் எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியும்ணே. நான் அதைப் பத்தி எழுத மாட்டேன், கேக்கவும் மாட்டேன்" என்றார்.

வெளியே வந்தால் லூர்து. அவனுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. "நாலு வருசமா மில்லு வாசல்ல நின்னு ஆக்சிலேட்டரை உறுமிக்கிட்டு இருக்கீகளே, அதுக்குப் பேரு ஏராண்ணே? அது உங்க அக்காவைக் கூப்பிடுற சத்தம். டிப்போவுல தெரியாத ஆள் இல்லை. கால் மணி நேரம் நின்னு எரிக்கிறது ஒண்ணு. அந்த நேரத்தைப் பிடிக்கிறேன்னு மலையில விரட்டி எரிக்கிறது இன்னொண்ணு."

வாயை மூடுடா என்றேன். மூடினான். பின்னாலேயே, "அவுகளை விட்டுட்டுப் போங்க, இல்லாட்டி வாயத் தொறந்து கூப்பிடுங்க. ரெண்டுல ஒண்ணு" என்றான்.

வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. விட்டுவிட்டுப் போக முடியாது. அந்த முட்டியோடு அவள் ஒன்பது கிலோமீட்டர் மலை ஏற முடியாது. கூப்பிடவும் முடியாது. தப்பு அவளுடையது.

ஜூன் 26, புதன்

ஐந்தரைக்கு மில் ஸ்டாப்பில் நிறுத்திச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் அணைந்தது. பதினாறு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். ஐந்து நாற்பது. அவள் வரவில்லை. ஐந்து நாற்பத்தைந்து. வரவில்லை. என்றைக்கும் இல்லாமல் ஏன் இன்றைக்கு? உடம்புக்கு ஏதாவதோ? இறங்கிவிட்டேன். லூர்து விசிலை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

மில் கேட்டுக்கு உள்ளே, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சேலை மாற்றி, தலை சீவி, டிபன் பை தோளில் மாட்டி, கிளம்பத் தயாராக நிற்கிறாள். நின்றுகொண்டே இருக்கிறாள். தலை நரைத்துவிட்டது. கண்ணாடியில் இத்தனை நாள் பார்த்திருக்கிறேன், நேரில் பார்க்கும்போதுதான் தெரிந்தது.

"வண்டி கெளம்புது" என்றேன்.

"யாருக்குச் சொல்ற?"

"அக்கா, வண்டி கெளம்புது."

"நாலு வருசமா எஞ்சினைக் கத்த விட்டுக் கூப்பிட்ட. இன்னைக்கு என்ன, வாய் முளைச்சிருச்சா?"

"சிப்ட்டு அஞ்சரைக்கே முடிஞ்சுருச்சுல்ல? நீ எதுக்கு இங்ஙன நிக்குற?"

"நீ நிப்பியா, விட்டுட்டுப் போயிருவியான்னு பாக்கத்தான்."

"தெனமுமா?"

"தெனமுந்தான்." பையை மறு தோளுக்கு மாற்றினாள். "அன்னைக்கு மாலையைக் கையில வச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன். முகூர்த்தம் முடியப் போகுதுன்னு எல்லாரும் என்னையத்தான் கத்துனாக. லேட்டா வந்தவன் நீ. கோவிச்சுக்கிட்டவனும் நீ. நல்லா இருக்குடா நாயம்!"

ஒன்பது வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த பேச்சு எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் முன்னால் நடந்தாள். காலை இழுத்து இழுத்து நடந்தாள். பையை வாங்கிக்கொண்டேன். கொடுத்தாள்.

முன் வாசலில் ஏறினாள்.

30 லிட்டர்.

பின்குறிப்பு: நாளைக்கு அரை லிட்டர், மாதம் இருபத்தைந்து நாள், நான்கு வருடம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுநூறு லிட்டர்! என் வீம்பில் பாதி, அவள் வீம்பில் பாதி. பவுனுவிடம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான்தான் தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

ஜூன் 27, வியாழன்

ஐந்து முப்பத்திரண்டுக்குக் கிளம்பிவிட்டேன். பதினேழு பேரும் உள்ளே. 29 லிட்டர்! இருபத்தொன்பது! லூர்து என்னைக் கட்டிப் பிடித்து டிக்கெட் மிஷினால் முதுகில் இடித்துவிட்டான்.

ஜூன் 28, வெள்ளி

29.5.

ஜூன் 29, சனி

மலைக் கோயிலில் கொடைத் திருவிழா. இரண்டு நடையிலும் படி வரை கூட்டம், கிடா நான்கு. கிடாவுக்கு டிக்கெட் போடலாமா என்று லூர்து சண்டை. 31.5 ஆகிவிட்டது. மொத்தம் 770. திங்கள்கிழமை ஒரு நாள்தான் மிச்சம், முப்பதுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. முந்தாநாள் வந்த தெம்பெல்லாம் போய்விட்டது.

ஜூலை 1, திங்கள்

இன்றைக்குப் பார்த்துக் காலையில் மழை. நான்காவது வளைவில் ஒரு டிராக்டர் குறுக்கே மாட்டிக்கொண்டு பத்து நிமிடம். எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். முன்பென்றால் டிராக்டர்காரனோடு சண்டைக்கு இறங்கியிருப்பேன். காலை நடை எப்படியும் பதினைந்தரை குடித்திருக்கும் என்று வயிறு சொன்னது. மாலைக்குப் பதினாலரைதான்.

மலை மேல் எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. ஸ்டாப் என்று ஒன்றும் கிடையாது, அவரவர் வீட்டு வாசலில் விசில் அடிப்பார்கள். பதினான்காவது வளைவு தாண்டியதும் ஏற்றத்திலேயே ஏழு இடத்தில் நின்று நின்று எடுக்க வேண்டும். ஏற்றத்தில் நின்று எடுப்பதுதான் டீசலுக்கு எமன். இதை நேற்று அக்கா வீட்டில் சாப்பிடும்போது சும்மா சொல்லிவைத்தேன். ஆமாம், நேற்று பவுனுவும் நானும் போயிருந்தோம். அதை எழுத மறந்துவிட்டேன்.

மாலை வண்டி மில்லை விட்டுக் கிளம்பியதும் அக்கா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இந்தா பாருங்கடி, இன்னைக்கு ஒருத்தியும் வீட்டு வாசல்ல எறங்கக் கூடாது. எல்லாரும் மேல பள்ளிக்கூடத்துல எறங்கி நடங்க. நானே நடக்குறேன், உங்களுக்கு என்ன கேடு?"

ஒருத்திக்கு வீடு முதல் திருப்பத்திலேயே. அதைத் தாண்டிப் போகும்போது, வாசலில் நின்ற அவள் புருசன் பஸ்ஸைப் பார்த்துக் கை ஆட்டினான். அவள் ஜன்னலில் தலையை நீட்டி, "நிக்க மாட்டோம், நீ பள்ளிக்கூடத்துக்கு வா!" என்று கத்தினாள். வண்டியே சிரித்தது. மூன்றாம் கியரில் ஏறி, ஒரே மூச்சில் பள்ளிக்கூடம் போய் நின்றோம். என் வாழ்க்கையில் இந்த மலையை இப்படி ஏறியதில்லை. பதினேழு பேரும் இறங்கிச் சேற்றில் நடந்து போனார்கள்.

ஏழரைக்கு டிப்போ பங்க். லூர்து, மேடம், ஷெட்டிலிருந்து மெக்கானிக்குகள், மைலேஜில் எனக்கு மேலே இருக்கும் டிரைவர்கள் என்று சுற்றி நின்றுவிட்டார்கள். மேனேஜரும் வந்துவிட்டார். குறைந்த டீசலை ஊற்ற ஊற்ற மீட்டர் ஓடுகிறது. இருபத்தேழு. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. நான் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டொக்கென்று சத்தம் கேட்டது. டாங்க் நிறைந்துவிட்டது.

"இருபத்தொம்பது புள்ளி நாலு!" லூர்து விசிலை ஊதிக்கொண்டே ஷெட்டைச் சுற்றி ஓடினான்.

எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு. எண்ணூறுக்குள்! எண்ணூறுக்குள் வந்துவிட்டேன்! மேனேஜர் கை கொடுத்தார். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி என்றார். நான் யாரிடம் என்ன பேசினேன் என்று நினைவில்லை. சந்தோஷம் தாங்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

இனி எழுத வேண்டியதில்லை என்று மேடம் சொல்லிவிட்டார். நோட்டை ஒப்படைக்கட்டுமா என்றேன். "வேணாம்ணே, அதுல பாதி நான் படிக்கக் கூடாதது" என்றார். படித்திருக்கிறார்.

காலையிலேயே போர்டில் ஒட்டிவிட்டார்கள். கொழிஞ்சிமலை மாலை நடை தொடரும். பட்டியலில் நான் எண்பத்தாறிலிருந்து பன்னிரண்டுக்கு வந்திருக்கிறேன்.

மாலை மில் ஸ்டாப்பில் பதினேழு பேரும் எனக்கு முன்னாலேயே ரோட்டில் நின்றிருந்தார்கள். முகத்தைப் பார்த்தேன், ஒருத்திக்கும் விஷயம் தெரியவில்லை. லூர்து எல்லாரும் உட்காரும் வரை பொறுத்திருந்துவிட்டு, "நடை நிக்காது. இருக்கு. நாளைக்கும் இருக்கு, நாளன்னைக்கும் இருக்கு" என்றான். கைதட்டலில் வண்டி அதிர்ந்தது. முன் சீட்டில் இருந்த ஒரு சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவள், கையைத் தட்டிக்கொண்டே, "யாருக்கா டிரைவரு? யாரு இந்த அண்ணே?" என்று கேட்டாள்.

அக்கா அவள் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே, வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"எந்தம்பிடி. எங்கூடப் பொறந்தவன்."

அடிவாரத்துக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது. ஸ்டாப் இல்லை, டிராக்டர் இல்லை, ஆடு இல்லை, நேரான ரோடு. ரோடு எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கவில்லை. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.